எர்ரர் மெசேஜ் வராத தவறு: சிமுலேஷனில் உருளை ஆயத்தொலைவுகள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் அதில் படம் பார்ப்பார்கள், பாட்டு கேட்பார்கள், கேம் விளையாடுவார்கள். அதே கம்ப்யூட்டரில் இன்னொரு வேலையும் செய்யலாம். எறிந்த பந்து எங்கே விழும், கோள் சூரியனை எப்படிச் சுற்றும், காந்தப்புலத்தில் எலக்ட்ரான் எப்படி வளையும் என்பதையெல்லாம் இயற்பியல் விதிகளைக் கொடுத்து மானிட்டரில் ஓடவிட்டுப் பார்க்கலாம். இதைத்தான் சிமுலேஷன் என்கிறோம். வீட்டில் பிளஸ் டூ அல்லது கல்லூரி மாணவர்கள் இருந்தால் அவர்களுக்கு இது மிகவும் பயன்படும்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. வேர்டில் ஸ்பெல்லிங் தவறாக இருந்தால் சிவப்புக் கோடு வரும். புரோகிராமில் கமாண்டைத் தவறாக டைப் செய்தால் எர்ரர் மெசேஜ் வரும். சிமுலேஷனில் இயற்பியல் தவறாக இருந்தால் எந்த மெசேஜும் வராது. பந்து அழகாக, வழுக்கிக்கொண்டு, தவறான பாதையில் போகும். பார்க்கும் மாணவர் அதையே சரி என்று மனதில் பதித்துக்கொள்வார்.

சுழலும் பொருட்களைக் கையாளும்போது இந்தத் தவறு எளிதில் நுழைந்துவிடும். அப்போது நாம் பயன்படுத்துவது உருளை ஆயத்தொலைவுகள். கல்லூரிப் பாடத்தில் சிலிண்ட்ரிகல் கோஆர்டினேட்ஸ் என்பார்கள். அது என்ன, சாஃப்ட்வேரில் அதை எங்கே பயன்படுத்தலாம், எங்கே பயன்படுத்தக்கூடாது என்று இக்கட்டுரையில் பார்ப்போம்.

எந்த சாஃப்ட்வேர்?

வீட்டில் பழகுவதற்கு விபைத்தான் நல்ல தேர்வு. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த டேவிட் ஷெரர் 2000ஆம் ஆண்டில் இதை உருவாக்கினார். பைத்தான் மொழியில் சில வரிகள் எழுதினால் போதும், முப்பரிமாணக் காட்சி வந்துவிடும். இப்போது வெப் விபைத்தான் என்ற பெயரில் பிரவுசரிலேயே இயங்குகிறது. எதையும் இன்ஸ்டால் செய்யவேண்டாம். கட்டணமும் இல்லை. காட்சி வந்தபின் மவுஸின் வலது பட்டனை அழுத்திக்கொண்டு இழுத்தால் காட்சி சுழலும். மவுஸ் வீலை உருட்டினால் அருகில் வரும் அல்லது தள்ளிப் போகும்.

இத்தகைய சாஃப்ட்வேர்கள் வேலை செய்யும் முறை எளிது. நேரத்தைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டிக்கொள்ளும். ஒரு துண்டு 0.01 விநாடி என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு துண்டிலும் விசையிலிருந்து முடுக்கம், முடுக்கத்திலிருந்து திசைவேகம், திசைவேகத்திலிருந்து புதிய இடம் என்று கணக்கிடும். புதிய இடத்தில் பொருளை வரையும். பிறகு அடுத்த துண்டு. விநாடிக்குப் பலமுறை இப்படி வரைவதால் நம் கண்ணுக்குப் பொருள் நகர்வதுபோலத் தெரிகிறது.

இடத்தைச் சொல்ல மூன்று எண்கள்

முப்பரிமாணத்தில் ஒரு புள்ளியின் இடத்தைச் சொல்ல மூன்று எண்கள் வேண்டும். வழக்கமான முறையில் அவை எக்ஸ், ஒய், இசட். ஓர் அறையின் மூலையில் நின்றுகொண்டு, இந்தச் சுவரோரமாக 3 மீட்டர், அந்தச் சுவரோரமாக 4 மீட்டர், தரையிலிருந்து 2 மீட்டர் உயரம் என்று மின்விசிறியின் இடத்தைச் சொல்வதைப் போன்றது. இதைக் கார்ட்டீசியன் முறை என்பார்கள். செங்கல், பெட்டி, கட்டடம் போன்ற நேர்க்கோட்டுப் பொருட்களுக்கு இது வசதியானது.

பொருட்காட்சிகளில் மரணக்கிணறு பார்த்திருப்பீர்கள். வட்டமான மரச்சுவரின் உட்பக்கத்தில் பைக் சுற்றிச் சுற்றி ஓடும். அந்த பைக்கின் இடத்தை எக்ஸ், ஒய், இசட்டில் சொல்வது தொல்லை. எண்கள் நொடிக்கு நொடி மாறும். அதற்குப் பதில் இப்படிச் சொல்லலாம்:

ஆரம்: கிணற்றின் நடு அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது?
கோணம்: தொடங்கிய இடத்திலிருந்து எவ்வளவு சுற்றியிருக்கிறது?
உயரம்: தரையிலிருந்து எவ்வளவு மேலே இருக்கிறது?

இந்த மூன்றும்தான் உருளை ஆயத்தொலைவுகள். பைக் ஒரே உயரத்தில் சீராக ஓடினால் ஆரமும் உயரமும் மாறவே மாறாது. கோணம் மட்டும் சீராகக் கூடிக்கொண்டே போகும். மூன்று எண்களுக்குப் பதில் ஒரே ஓர் எண்ணைக் கவனித்தால் போதும். போர்வெல் குழாய், கம்பிச் சுருள், சுழல் படிக்கட்டு என எதில் ஒரு நடு அச்சு இருக்கிறதோ அங்கெல்லாம் இந்த முறை கைகொடுக்கும்.

ஒரு முறையிலிருந்து இன்னொன்றுக்கு

உருளை முறையிலிருந்து கார்ட்டீசியனுக்கு மாற்ற:

எக்ஸ் = ஆரம் × காஸ் (கோணம்)
ஒய் = ஆரம் × சைன் (கோணம்)
இசட் = உயரம்

திரும்ப மாற்ற:

ஆரம் = (எக்ஸ்² + ஒய்²) இன் வர்க்கமூலம்
கோணம் = எக்ஸ், ஒய் இரண்டிலிருந்தும் கிடைக்கும்
உயரம் = இசட்

உதாரணமாக எக்ஸ் 3, ஒய் 4 என்றால் ஆரம் 5, கோணம் 53.13 டிகிரி. பார்க்க எளிதாக இருந்தாலும், கம்ப்யூட்டரில் செய்யும்போது இதில் மூன்று இடங்களில் கவனம் தேவை.

முதலாவது: டிகிரியா, ரேடியனா?

பள்ளியில் கோணத்தை டிகிரியில் சொல்கிறோம். விபைத்தான், எக்செல், லிப்ரே ஆபீஸ் எல்லாமே காஸ், சைன் கணக்குகளில் கோணத்தை ரேடியனாகவே எடுத்துக்கொள்ளும். 180 டிகிரி என்பது பை ரேடியன், அதாவது சுமார் 3.1416. ஆரம் 5, கோணம் 90 டிகிரி உள்ள புள்ளி (0, 5) என்ற இடத்தில் இருக்கவேண்டும். ரேடியனாக மாற்றாமல் 90 என்றே கொடுத்தால் சுமார் (−2.24, 4.47) என்ற இடத்தில் போய் உட்காரும். அதுவும் அதே வட்டத்தின் மேல்தான் இருக்கிறது என்பதால் சட்டென்று கண்ணுக்குத் தெரியாது.

இரண்டாவது: கோணத்தைத் திரும்பப் பெறுவது

ஒய்யை எக்ஸால் வகுத்து அதன் தலைகீழ் டேன்ஜென்ட் எடுத்தால் கோணம் வரும் என்று படித்திருப்போம். எக்ஸ் 3, ஒய் 4 என்றால் 53.13 டிகிரி. எக்ஸ் −3, ஒய் −4 என்றால்? வகுக்கும்போது மைனஸும் மைனஸும் அடிபட்டு மீண்டும் 53.13 டிகிரிதான் வரும். ஆனால் அந்தப் புள்ளி வட்டத்தின் நேர் எதிர்ப்பக்கத்தில், 233.13 டிகிரியில் இருக்கிறது. இதைச் சரியாகப் பிரித்தறிய ஏடேன்2 என்ற ஃபங்ஷன் இருக்கிறது. எக்ஸ், ஒய் இரண்டையும் தனித்தனியாக வாங்கிக்கொண்டு சரியான பக்கத்தைச் சொல்லும். விடை −126.87 என்று வந்தால் பயப்படவேண்டாம். 360ஐக் கூட்டினால் அதே 233.13தான்.

கவனிக்க: எக்செல், லிப்ரே ஆபீஸ் இரண்டிலும் ஏடேன்2க்கு முதலில் எக்ஸ், பிறகு ஒய் கொடுக்கவேண்டும். பைத்தானில் முதலில் ஒய், பிறகு எக்ஸ். ஒன்றில் பழகிவிட்டு மற்றொன்றுக்குப் போகும்போது வரிசையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது: மேலே போவது எந்த அச்சு?

இயற்பியல் புத்தகத்தில் இசட் அச்சு மேல்நோக்கி இருக்கும். பிளெண்டர் சாஃப்ட்வேரிலும் அப்படியே. விபைத்தானில் அப்படி இல்லை. அங்கே எக்ஸ் வலப்பக்கம், ஒய் மேல்நோக்கி, இசட் மானிட்டரிலிருந்து உங்களை நோக்கி வரும். எனவே உயரத்தை ஒய்யில் கொடுக்கவேண்டும்.

அப்படியானால் ஒய்யையும் இசட்டையும் இடம் மாற்றிவிட்டால் போதுமா? போதாது. வெறுமனே மாற்றினால் காட்சி கண்ணாடியில் பார்ப்பதுபோல் ஆகிவிடும். மேலிருந்து பார்க்கும்போது கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றவேண்டியது கடிகாரத் திசையில் சுற்றும். காந்தவிசை போன்ற கணக்குகளில் திசையே தலைகீழாகிவிடும். விபைத்தானில் இப்படிக் கொடுங்கள்:

எக்ஸ் = ஆரம் × காஸ் (கோணம்)
ஒய் = உயரம்
இசட் = −ஆரம் × சைன் (கோணம்)

அந்த மைனஸ் குறிதான் முக்கியம்.

பெரிய பள்ளம்: நகரும்போது என்ன ஆகிறது?

இதுவரை பார்த்தது நிற்கும் புள்ளிகளுக்கு. இனி நகரும் பொருள். எக்ஸ், ஒய், இசட்டில் சாஃப்ட்வேர் செய்யும் அதே கணக்கை ஆரம், கோணம், உயரம் என்ற மூன்றின் மேலும் செய்துவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். விசை இல்லையென்றால் ஆரத்தின் வேகமும் மாறாது, கோணத்தின் வேகமும் மாறாது என்று எழுதிவிடுவோம். இது சரியா என்று எக்செல் அல்லது லிப்ரே ஆபீஸில் நாமே சோதித்துப் பார்க்கலாம்.

ஒரு பந்து (3, 0) என்ற இடத்தில் தொடங்கி, ஒய் திசையில் விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் போகிறது. எந்த விசையும் இல்லை. நியூட்டனின் முதல் விதிப்படி அது நேர்க்கோட்டில் போகவேண்டும்.

கீழே உள்ள ஃபார்முலாக்களை ஆங்கில எழுத்துகளில் டைப் செய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஈக்வல் டு குறி வேண்டும். பெருக்கலுக்கு ஸ்டார் கீயைப் பயன்படுத்துங்கள்.

1. ஏ1 முதல் ஏ5 வரை 0, 0.5, 1, 1.5, 2 என்று நேரத்தைக் கொடுங்கள்.
2. பி1ல் 3 என்றும், சி1ல் 4 × ஏ1 என்றும் கொடுங்கள். இது சரியான பாதை.
3. டி1ல் 3 × காஸ் (4 × ஏ1 / 3) என்றும், ஈ1ல் 3 × சைன் (4 × ஏ1 / 3) என்றும் கொடுங்கள். இது ஆரமும் கோண வேகமும் மாறாது என்று எடுத்துக்கொண்ட பாதை. வேகம் 4, ஆரம் 3 என்பதால் கோண வேகம் விநாடிக்கு 4/3 ரேடியன்.
4. பி1 முதல் ஈ1 வரை செலக்ட் செய்து, வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தை ஐந்தாம் வரி வரை இழுங்கள்.

கிடைக்கும் விடைகள்:

0 விநாடி: சரி (3, 0), மற்றது (3, 0)
0.5 விநாடி: சரி (3, 2), மற்றது (2.36, 1.86)
1 விநாடி: சரி (3, 4), மற்றது (0.71, 2.92)
1.5 விநாடி: சரி (3, 6), மற்றது (−1.25, 2.73)
2 விநாடி: சரி (3, 8), மற்றது (−2.67, 1.37)

இரண்டாவது பந்து நேராகப் போகவில்லை, வட்டமடிக்கிறது! கயிறும் இல்லை, சுவரும் இல்லை. ஒரு விசையும் இல்லாமல் ஒரு பொருள் வட்டமாகச் சுற்றுகிறது என்று கம்ப்யூட்டர் காட்டுகிறது. எர்ரர் மெசேஜ் ஏதும் வந்ததா? வரவில்லை.

ஏன் இப்படி?

ரயில்வே கேட்டில் நின்று தூரத்தில் வரும் ரயிலைப் பாருங்கள். நேரான தண்டவாளம், சீரான வேகம். ஆனாலும் ரயில் தொலைவில் இருக்கும்போது உங்கள் தலை மெதுவாகத்தான் திரும்பும். அருகில் வந்து கடக்கும்போது தலையை வேகமாகத் திருப்பவேண்டும். கடந்தபின் மீண்டும் மெதுவாக. ரயிலின் வேகத்தை யாரும் மாற்றவில்லை. ஆனால் உங்களுக்கும் ரயிலுக்கும் உள்ள தூரமும், தலை திரும்பும் வேகமும் மாறிக்கொண்டே இருக்கின்றன.

இங்கே தூரம்தான் ஆரம். தலை திரும்பும் அளவுதான் கோணம். அதாவது விசையே இல்லாவிட்டாலும் ஆரத்தின் வேகமும் கோணத்தின் வேகமும் மாறும். நம் பந்தில் தொடக்கத்தில் கோண வேகம் 1.33 ரேடியன். ஒரு விநாடிக்குப் பின் ஆரம் 5 ஆகிவிடும். கோண வேகம் 0.48 ஆகக் குறைந்துவிடும்.

இதற்குக் காரணம், ஆரத்தின் திசையும் கோணத்தின் திசையும் பொருளோடு சேர்ந்து திரும்புவதுதான். எக்ஸ் அச்சு எப்போதும் ஒரே பக்கம் பார்த்து நிற்கும். ஆரத்தின் அம்புக்குறியோ பொருள் போகும் பக்கமெல்லாம் திரும்பும். அந்தத் திருப்பத்தை ஈடுகட்டக் கூடுதல் உறுப்புகள் வேண்டும்:

ஆரத் திசை முடுக்கம் = ஆர வேகம் மாறும் வீதம் − ஆரம் × (கோண வேகம்)²
கோணத் திசை முடுக்கம் = ஆரம் × கோண வேகம் மாறும் வீதம் + 2 × ஆர வேகம் × கோண வேகம்
உயரத் திசை முடுக்கம் = உயர வேகம் மாறும் வீதம்

மூன்றாவது வரியில் கூடுதலாக எதுவும் இல்லை. மேல்நோக்கிய அச்சு திரும்புவதில்லை அல்லவா?

மரணக்கிணற்றில் வைத்துப் பார்ப்போம். ஆரம் 5 மீட்டர், பைக்கின் வேகம் விநாடிக்கு 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர் என்று கொள்வோம். கோண வேகம் 2 ரேடியன். ஆரம் மாறவே இல்லை. ஆனாலும் ஆரத் திசை முடுக்கம் 5 × 2² = 20, மையத்தை நோக்கி. புவியீர்ப்பு முடுக்கமான 9.8ஐப் போல இரு மடங்குக்கும் சற்று அதிகம். மரச்சுவர் பைக்கை உள்நோக்கித் தள்ளும் அந்த விசை இருப்பதால்தான் டயருக்குப் பிடிமானம் கிடைத்து பைக் கீழே விழாமல் ஓடுகிறது. ஆரம் மாறவில்லை, எனவே முடுக்கம் பூஜ்யம் என்று எழுதிவிட்டால் பைக்கைத் தாங்கும் விசையே கணக்கிலிருந்து காணாமல் போய்விடும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. பொருள் சரியாக நடு அச்சைக் கடக்கும்போது ஆரம் பூஜ்யம். அங்கே கோணத்துக்குப் பொருளே இல்லை. கணக்கில் பூஜ்யத்தால் வகுக்கவேண்டியும் வரலாம்.

அப்படியானால் எப்படிப் பயன்படுத்துவது?

ஒரே விதியை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். கொடுப்பது உருளை முறையில், கணக்கிடுவது எக்ஸ், ஒய், இசட்டில், படிப்பது மீண்டும் உருளை முறையில். மரணக்கிணற்றை விபைத்தானில் செய்வதானால்:

1. பைக்குக்குப் பதில் ஒரு சிறு கோளம் போதும். தொடக்க இடத்தை ஆரம் 5, கோணம் 0, உயரம் 3 என்று முடிவுசெய்து, மேலே சொன்ன ஃபார்முலாவால் எக்ஸ், ஒய், இசட்டாக மாற்றிக் கொடுங்கள். இடம் (5, 3, 0).
2. தொடக்கத் திசைவேகம் (0, 0, −10). கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும்.
3. ஒரே உயரத்தில் ஓடுவதால் எடையை டயரின் உராய்வு சமன்செய்துவிடுகிறது. மிஞ்சுவது மையத்தை நோக்கிய முடுக்கம் 20 மட்டும். அதன் திசையை ஒவ்வொரு துண்டிலும் அப்போதைய எக்ஸ், இசட்டிலிருந்து புதிதாகக் கணக்கிடுங்கள்.
4. நேரத் துண்டு 0.01 விநாடி என்று வைத்து, முதலில் திசைவேகத்தையும் பிறகு இடத்தையும் மாற்றுங்கள்.
5. ஒவ்வொரு துண்டிலும் ஆரத்தைக் கணக்கிட்டுத் திரையில் எழுதச் சொல்லுங்கள்.

ஒரு சுற்றின் நீளம் 31.4 மீட்டர். எனவே 3.14 விநாடியில் கோளம் தொடங்கிய இடத்துக்கே வரவேண்டும், ஆரமும் 5ஐ ஒட்டியே இருக்கவேண்டும். இரண்டும் சரியாக இருந்தால் உங்கள் சிமுலேஷன் சரி. பிறகு முடுக்கத்தைப் பூஜ்யமாக்கி ஓட்டிப் பாருங்கள். கோளம் நேர்க்கோட்டில் கிணற்றை விட்டு வெளியே போகவேண்டும். அப்போதும் சுற்றிக்கொண்டே இருந்தால் எங்கோ தவறு இருக்கிறது.

குறிப்பு: விபைத்தானில் சிலிண்டர் என்றே ஒரு பொருள் உண்டு. அது உருளை வடிவத்தை வரைவதற்கு மட்டுமே. உருளை ஆயத்தொலைவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சொல்லாவிட்டால் அது எக்ஸ் அச்சில் படுத்த நிலையில் வரும். கிணறாக நிற்கவைக்க அதன் அச்சை ஒய் திசையில் கொடுக்கவேண்டும்.

உருளை முறையிலேயே கணக்கிடும் சாஃப்ட்வேர்

எல்லா இடத்திலும் இது ஆபத்தானது என்று நினைக்கவேண்டாம். குழாயில் வெப்பம் பரவுவது, கம்பிச் சுருளின் காந்தப்புலம் போன்றவற்றில் எந்தக் கோணத்தில் பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கும். அப்போது கோணத்தையே விட்டுவிடலாம். ஆரம், உயரம் இரண்டு போதும். ஒரு பெட்டியில் பக்கத்துக்கு 100 புள்ளிகள் என்றால் மொத்தம் 10 லட்சம் புள்ளிகள். அதையே ஆரத்துக்கு 50, உயரத்துக்கு 100 என்று எடுத்தால் 5,000 புள்ளிகள்தான். 200 மடங்கு குறைவு. சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டரிலும் விரைவில் முடிந்துவிடும்.

டேவிட் மீக்கர் எழுதிய எஃப்.இ.எம்.எம். என்ற இலவச விண்டோஸ் சாஃப்ட்வேரில் இந்த வசதி உண்டு. பிராப்ளம் டைப் என்ற இடத்தில் ஆக்ஸிசிமெட்ரிக் என்பதைத் தேர்ந்தெடுத்து, அச்சின் வலப்பக்கப் பாதியை மட்டும் வரைந்தால் போதும். கூடுதல் உறுப்புகளை சாஃப்ட்வேரே பார்த்துக்கொள்ளும். நாம் அவற்றை மறந்துவிடும் வாய்ப்பே இல்லை.

ஓட்டுவதற்கு முன் சரிபார்க்க

கோணங்கள் ரேடியனில் உள்ளனவா?
ஏடேன்2 ஃபங்ஷனில் எக்ஸ், ஒய் வரிசை சரியா?
மேல்நோக்கிய அச்சு எது? சுற்றும் திசை சரியாக இருக்கிறதா?
விசையை நீக்கினால் பொருள் நேராகப் போகிறதா?

கடைசிக் கேள்விதான் மிக முக்கியம். இணையத்திலிருந்து வேறொருவர் எழுதிய சிமுலேஷனை டவுன்லோட் செய்து பிள்ளைகளுக்குக் காட்டும் முன்பும் இதைச் செய்யுங்கள். விசை, ஈர்ப்பு எல்லாவற்றையும் பூஜ்யமாக்கி ஒருமுறை ஓடவிடுங்கள். நேராகப் போனால் தைரியமாகப் பயன்படுத்தலாம். வளைந்தால், காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை நம்பவேண்டாம்.